வராத பந்தை எண்ணுவது எப்படி?

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கிறவங்களுக்கு கார்னர்பேக் யார்னு சொல்லத் தேவையில்லை. பார்க்காதவங்களுக்காக ஒரு பத்தி. குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை எறிவார். ரிசீவர் என்பவர் ஓடிப்போய் அதைப் பிடிப்பார். அந்த ரிசீவர் பிடித்துவிடாமல் மைதானத்தின் ஓரத்தில் அவர் கூடவே ஓடுபவர்தான் கார்னர்பேக். எங்கே ஓடப்போறோம்னு ரிசீவருக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது. இதில் முதல் சில அடிகளைப் பின்பக்கமாக வேறு ஓடியாகணும். களத்தில் இருக்கும் 22 பேரில் கஷ்டமான வேலை இவருக்குத்தான்னு நான் சொல்வேன். லைன்மேன் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், வாங்க :-)

விஷயம் கஷ்டத்தைப் பற்றியதில்லை, கணக்கைப் பற்றியது. நம்ம கபடியிலேயே பாருங்க. ஒரு பக்க கார்னரில் கெட்டியான ஆள் நின்னா ரெய்டர் அந்தப் பக்கமே போகமாட்டார். கடைசியில் அந்த ஆள் பேருக்கு எதிரே ஒரு டேக்கிளோ இரண்டோதான் இருக்கும். ஸ்கோர்ஷீட்டை மட்டும் பார்ப்பவர் "இவன் என்னத்தக் கிழிச்சான்?" என்பார். கார்னர்பேக்கின் கதையும் இதேதான், இன்னும் மோசமாக. எவ்வளவு நல்லா ஆடுறாரோ அவ்வளவு குறைவாகத்தான் அவர் பக்கம் பந்து வரும். பந்து வராவிட்டால் எண்ண ஒன்றுமில்லை. என்.எஃப்.எல். இந்தச் சிக்கலோடு எழுபது வருஷமாகப் போராடுது. அதில் சிலருக்குப் பணம் போச்சு, சிலருக்குப் புகழ் போச்சு, ஒருத்தருக்கு காலமே போச்சு.

ஆரம்பத்தில் இருந்த ஒரே அளவுகோல் இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி எறிந்த பந்தை நடுவில் புகுந்து பிடுங்குவது. இதில் முதல் பெரிய பெயர் டிக் "நைட் டிரெய்ன்" லேன். குழந்தையாக இருக்கும்போதே கைவிடப்பட்டு, எல்லா லேன் என்ற அம்மா எடுத்து வளர்த்த பையன். ஒரு ஜூனியர் காலேஜில் ஆடி, ராணுவத்தில் இருந்துவிட்டு, விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். 1952-இல் தன்னைப் பற்றி வந்த செய்திகளை ஒட்டிவைத்த நோட்டைக் கையில் எடுத்துக்கிட்டு லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அலுவலகத்துக்குள் நேரே நடந்து போய் வாய்ப்பு கேட்டார். ரிசீவராகத்தான் எடுத்தாங்க, அது சரிவரலை, தடுப்புப் பக்கம் தள்ளினாங்க. அந்த முதல் சீசனிலேயே 14 இன்டர்செப்ஷன்! அப்போ சீசனுக்கு 12 ஆட்டம்தான். 1978-இல் 16 ஆட்டமாச்சு, 2021-இல் 17 ஆச்சு, அந்த 14-ஐ மட்டும் இன்னும் யாரும் தொடலை.

ஏன் தொட முடியலைன்னு யோசிச்சா இந்த அளவுகோலின் ஓட்டை தெரியும். 1952-இல் லேன் யாருன்னு எவனுக்கும் தெரியாது. அதனால் அவர் பக்கம் தைரியமாக எறிந்தார்கள். இன்டர்செப்ஷன் என்பது கார்னர்பேக் மட்டும் செய்யும் காரியமில்லை. எதிரணி குவார்ட்டர்பேக் நம்மைக் குறைச்சு எடைபோடணும், பந்து நம்ம பக்கம் வரணும், அப்புறம்தான் நம்ம திறமை. முதல் இரண்டும் நம் கையில் இல்லை. இன்றைக்கு ஒரு பையன் முதல் நாலு ஆட்டத்தில் ஐந்து பந்தைப் பிடுங்கினால், ஐந்தாவது ஆட்டத்திலிருந்து அவன் பக்கம் பந்து வருவது குறைஞ்சிடும். அத்தனை அணிகளும் வீடியோ பார்க்குதே.

எழுபதுகளுக்கு வருவோம். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் மெல் பிளவுன்ட் ஆறடி மூணு அங்குலம். ரிசீவரை ஓடவே விடமாட்டார், வழியெல்லாம் இடிச்சுத் தள்ளிக்கிட்டே போவார். 1975-இல் 11 இன்டர்செப்ஷன், அந்த ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது. இந்த இடியை விதிகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுப்படுத்திப் பார்த்தும் முடியாமல், 1978-இல் கோட்டிலிருந்து 5 யார்டு வரைதான் கை வைக்கலாம், அதுக்கு மேல் தொட்டால் தப்புன்னு சட்டமே போட்டாங்க. இன்றும் பலர் அதை மெல் பிளவுன்ட் விதின்னுதான் சொல்றாங்க. ஒரு ஆள் நல்லா ஆடினார் என்பதற்கு இதைவிட நல்ல புள்ளிவிவரம் கிடையாது என்பது என் கட்சி. ஆனா இதை எந்த அட்டவணையில் போடுவது? இரண்டு வருஷம் கழித்து 1980-இல் ரெய்டர்ஸின் லெஸ்டர் ஹேஸ் 13 பிடித்தார். அவர் கை முழுக்க ஸ்டிக்கம் என்ற பசையைப் பூசிக்கிட்டு ஆடுவார். 1981-இல் அதையும் தடை செய்தார்கள். கார்னர்பேக் எதைக் கண்டுபிடிச்சாலும் அடுத்த வருஷம் அதுக்கு ஒரு விதி வரும்.

இப்போ நான் எழுத நினைத்த ஆள். கென் ரைலி. சின்சினாட்டி பெங்கால்ஸ், 1969 முதல் 1983 வரை, 15 சீசன், 207 ஆட்டம், ஒரே அணி. கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக இருந்தவரை, ஆறாவது சுற்றில் எடுத்து, கார்னர்பேக் ஆக்கியவர் பயிற்சியாளர் பால் பிரவுன். மொத்தம் 65 இன்டர்செப்ஷன். ஓய்வு பெற்றபோது வரலாற்றிலேயே நாலாவது இடம். முன்னாடி இருந்த மூவரில் இரண்டு பேர் சேஃப்டி என்ற வேறு இடத்தில் ஆடியவர்கள், மூணாவது நம்ம நைட் டிரெய்ன் லேன், 68. கடைசி சீசனில், 36 வயதில், 8 பந்து பிடித்தார். இப்படிப்பட்டவரை ஆண்டின் நட்சத்திர ஆட்டமான ப்ரோ பவுலுக்கு எத்தனை முறை தேர்ந்தெடுத்தாங்க தெரியுமா? ஒருமுறை கூட இல்லை. பதினைந்து வருஷத்தில் பூஜ்யம்.

இதுக்கு ஒரு விளக்கம் உண்டு, அது நியாயமானதா என்பது வேறு. எழுபதுகளில் பெங்கால்ஸின் மறுபக்கம் ஆடியவர் லெமார் பாரிஷ். எட்டு முறை ப்ரோ பவுல் போனவர். பந்தைத் திருப்பிக் கொண்டு ஓடுவதில் மன்னன், பார்க்கவே ஜிகுஜிகுன்னு இருப்பார். பாரிஷைப் பார்த்துப் பயந்து ரைலி பக்கம் எறிந்தார்கள், அதனால்தான் 65-ன்னு ஒருத்தர் வாதாடலாம். இன்னொருத்தர் திருப்பிப் போட்டு, தன் பக்கம் வந்த பந்தையெல்லாம் இவர் விடாமல் பிடித்தாரேன்னு வாதாடலாம். முடிவு சொல்ல ஒரே வழி, ரைலி பக்கம் எத்தனை பந்து எறியப்பட்டது, அதில் எத்தனை எதிராளியால் பிடிக்கப்பட்டது என்ற கணக்கு. அந்தக் கணக்கை அப்போது யாரும் வைக்கலை. பகுத்தியில் எண் இல்லாமல் தொகுதியை மட்டும் வச்சுக்கிட்டு சண்டை போட்ட காலம் அது.

தொண்ணூறுகளில் டியோன் சாண்டர்ஸ் வந்து இந்த மேட்டரை வேறு மாதிரி தீர்த்தார். தன்னைத்தானே விளம்பரப்படுத்திக்கொண்டார் :-) பந்து வரலைன்னா அது என் பெருமை என்பதை ஊரே நம்பும்படி உரக்கச் சொன்ன முதல் ஆள் அவர்தான். 1994-இல் 49-எர்ஸுக்கு ஆடி கோப்பை, அந்த ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது. அடுத்த ஆண்டு கவ்பாய்ஸுக்குப் போய் அங்கேயும் கோப்பை. 7 ஆண்டுக்கு 35 மில்லியன் டாலர் ஒப்பந்தம். கென் ரைலி ஒரு அமைதியான மனுஷன். அவருக்கும் டியோன் மாதிரி வாய் இருந்திருந்தா கதை மாறியிருக்கும்னு தோணும்.

2004-இல் ஒரு சின்னத் திருப்பம். அந்த ஜனவரியில் நடந்த ஏ.எஃப்.சி. இறுதியாட்டத்தில் பேட்ரியாட்ஸின் டை லா, பேட்டன் மேனிங்கிடம் மூணு இன்டர்செப்ஷன் எடுத்தார். பேட்ரியாட்ஸ் கோல்ட்ஸ் ரிசீவர்களைப் பிடித்து இழுத்துதான் ஜெயித்தாங்கன்னு ஒரே புகார். அந்தப் பழைய 5 யார்டு விதியைக் கறாராக அமல்படுத்தச் சொல்லி லீக் உத்தரவு போட்டது. அந்த சீசனில் மேனிங் 49 டச் டவுன் எறிந்து அப்போதைய சாதனை படைத்தார். கார்னர்பேக் கையைக் கட்டிப் போட்டாச்சு, ஆக இனிமேல் அவரை எப்படி அளப்பது என்ற கேள்வி இன்னும் அவசரமாச்சு.

பகுத்தி வந்தது இந்தக் காலத்தில்தான். ஒவ்வொரு ஆட்டத்தையும் வீடியோவில் திரும்பத் திரும்ப ஓட்டி, எந்த எறிதலின்போது யார் காவலில் இருந்தார்னு குறித்துவைக்கும் ஆட்கள் வந்தாங்க. அதில் பெரிய பெயர் புரோ ஃபுட்பால் ஃபோகஸ். தொடங்கியவர் நீல் ஹார்ன்ஸ்பி, அமெரிக்கரே கிடையாது, ஆங்கிலேயர்! இவர்கள் வைத்த கணக்கில் குவார்ட்டர்பேக்கின் ரேட்டிங்கைத் தலைகீழாகத் திருப்பி, இந்த கார்னர்பேக் பக்கம் எறிந்தபோது எதிரணி ரேட்டிங் எவ்வளவு என்று பார்த்தாங்க.

இதை ஒரு நிமிஷம் விளக்கணும், நமக்கெல்லாம் ஃபார்முலான்னா உயிராச்சே. 1973-இல் லீக் ஏற்றுக்கொண்ட அந்த ரேட்டிங்கில் நாலு உறுப்பு: எத்தனை சதவீதம் பந்து பிடிபட்டது, ஒரு எறிதலுக்கு எத்தனை யார்டு, எத்தனை சதவீதம் டச் டவுன், எத்தனை சதவீதம் இன்டர்செப்ஷன். ஒவ்வொன்றும் பூஜ்யத்திலிருந்து 2.375 வரை. நாலையும் கூட்டி, ஆறால் வகுத்து, நூறால் பெருக்கணும். எல்லாம் முழுசா வந்தால் 158.3. இதில் ஒரு வேடிக்கை. குவார்ட்டர்பேக் ஒவ்வொரு பந்தையும் தரையில் அடிச்சார்னு வைங்க. முதல் மூணும் பூஜ்யம், ஆனா இன்டர்செப்ஷன் இல்லையே, அதனால் அந்த உறுப்பு மட்டும் முழு 2.375. ரேட்டிங் 39.6. ஆக எந்த கார்னர்பேக்குக்கு எதிரான ரேட்டிங் 39.6-க்குக் கீழே இருக்கோ, அவர் பக்கம் எறிவதைவிட பந்தைத் தரையில் அடிப்பது எதிரணிக்கு லாபம்.

2009-இல் ஜெட்ஸின் டாரெல் ரீவிஸ், அவர்கள் கணக்குப்படி, அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தார். எப்படிப்பட்ட ஆட்களுக்கு எதிரே? ஒவ்வொரு வாரமும் எதிரணியின் முதல் ரிசீவர் எங்கே போனாலும் பின்னாலேயே போவது அவர் வேலை. ஆண்ட்ரே ஜான்சன், அந்த சீசனில் 1,569 யார்டு எடுத்து லீக்கிலேயே முதலாமவர், ரீவிஸ் அணிக்கு எதிராக 35 யார்டு. ராண்டி மாஸ் 24. கரோலினாவின் ஸ்டீவ் ஸ்மித் ஒரே ஒரு பந்து, 5 யார்டு. கடைசி வாரம் சாட் ஓச்சோசின்கோ, சுத்தமாக ஒன்றுமில்லை. "ரீவிஸ் தீவு"ன்னு பேர் வச்சாங்க, போனால் திரும்பி வரமுடியாத தீவு. இருந்தாலும் விருது யாருக்குப் போச்சு? 9 இன்டர்செப்ஷன், மூணு டச் டவுன் எடுத்த சார்ல்ஸ் உட்ஸனுக்கு. உட்ஸன் சாதாரண ஆள் இல்லை, விருதுக்குத் தகுதியானவர்தான். ஆனாலும் கண்ணுக்குத் தெரிந்தது தெரியாததை ஜெயிச்சதுன்னுதான் நான் அதைப் படிக்கிறேன். ரிலீஸில் வந்த பக்கைக் கண்டுபிடிச்சு ராத்திரி முழிச்சு சரி செய்தவருக்கு அவார்டு கொடுப்பாங்க. பக்கே வராத மாதிரி கோடு எழுதினவன் பேர் மீட்டிங்கில் வராது. ஐ.டி.யில் இருப்பவர்களுக்கு இதுக்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ரீவிஸுக்குக் கொஞ்சம் முன்னாடி நாம்டி அசோமுகாவின் கதை. ரெய்டர்ஸில் 2006-இல் 8 இன்டர்செப்ஷன். அதோடு எதிரணிகள் அவர் பக்கம் எறிவதைக் கிட்டத்தட்ட நிறுத்தின. அடுத்த நாலு சீசனில் மொத்தமே 3. இங்கே லீக் சரியாகவே புரிந்துகொண்டது, சம்பளம் ஏறிச்சு. 2011-இல் ஈகிள்ஸ் 5 ஆண்டுக்கு 60 மில்லியன் டாலர் கொடுத்து அள்ளிக்கிட்டுப் போச்சு. அங்கேதான் இன்னொரு பாடம். ரெய்டர்ஸில் அவர் பெரும்பாலும் ஒரே பக்கம் நின்று, எதிரே வரும் ஆளை முகத்துக்கு நேராக மறிப்பார். ஈகிள்ஸில் இடம் மாற்றி மாற்றி, ஆளை விட்டு ஏரியாவைக் காவல் காக்கச் சொன்னாங்க. இரண்டு வருஷத்தில் வெளியே அனுப்பிட்டாங்க. 2013 கடைசியில் ஓய்வு. அதே மனுஷன், வேற வேலை. கார்னர்பேக்கின் எண், அவர் எந்த அமைப்பில் நிற்கிறார் என்பதோடு ஒட்டியே இருக்குது, பிய்த்து எடுத்து ஒப்பிட முடியாது.

பின்னாலேயே போகும் ரீவிஸா, ஒரே பக்கம் நிற்கும் ரிச்சர்ட் ஷெர்மனா என்று 2013-இல் பெரிய சண்டை. அவங்க இரண்டு பேருமே ட்விட்டரில் இறங்கிச் சண்டை போட்டாங்க. ஷெர்மன் சியாட்டிலில் இடது ஓரத்தை விட்டு அதிகம் நகரமாட்டார். "முதல் ரிசீவரை எதிர்கொள்ளாமல் ஒளிஞ்சுக்கிறார்" என்பது எதிர்க்கட்சி வாதம். இதுக்கு பதில் 2014 செப்டம்பர் 4 அன்று கிடைத்தது. சீசனின் முதல் ஆட்டம், கிரீன் பே பேக்கர்ஸ் சியாட்டிலுக்கு வந்தார்கள். ஆரன் ராட்ஜர்ஸ் அன்று முழுக்க ஷெர்மன் பக்கம் ஒரு பந்து கூட எறியவில்லை. ஷெர்மன் எதிரே ஜாரட் பாய்கின் என்ற மூணாவது ரிசீவரை நிறுத்தி வைத்து, முதல் ரிசீவர் ஜோர்டி நெல்சனை மறுபக்கம் அனுப்பினார். கேட்க புத்திசாலித்தனமாத்தான் இருக்கு, ஒரு மட்டமான காயைக் கொடுத்து எதிராளியின் ராணியை முடக்கிய மாதிரி. ஆனா அதே கணக்கைச் சியாட்டில் பக்கமிருந்து போடுங்க. ராட்ஜர்ஸ் எறியக்கூடிய இடம் பாதியாச்சு, சியாட்டிலின் மத்த ஆட்கள் எல்லாம் மீதிப் பாதியில் குவியலாம். நெல்சன் கையில் பட்டுத் தெறித்த ஒரு பந்தை மறுபக்க கார்னர்பேக் பைரன் மேக்ஸ்வெல் பிடித்தார். சியாட்டில் 36, கிரீன் பே 16. ஏட்டில் அந்த இன்டர்செப்ஷன் மேக்ஸ்வெல் பேரில் இருக்கு. ஷெர்மன் பேரில் அன்று எதுவும் பெரிசா இல்லை.

இதுக்கு நேர் எதிர்க் கதையும் சொல்லணும், இல்லாட்டி ஒருதலைப்பட்சமாயிடும். 2010 ஜனவரி 24, ஏ.எஃப்.சி. இறுதி, ரீவிஸின் ஜெட்ஸ் எதிர் மேனிங்கின் கோல்ட்ஸ். ரீவிஸ் தன் வேலையைச் செய்தார், கோல்ட்ஸின் முதல் ரிசீவர் ரெஜி வெய்ன் மூணே பந்துதான் பிடித்தார். மேனிங் அலட்டிக்கலை. பியர் கார்சானுக்கு 11 பந்து, 151 யார்டு. ஆஸ்டின் காலிக்கு 7 பந்து, 123 யார்டு. கோல்ட்ஸ் 30-17. ஐந்து பேர் பிடிக்கத் தகுதியுள்ள ஆட்டத்தில் ஒருத்தரை மட்டும் அணைத்தால், புத்தியுள்ள குவார்ட்டர்பேக் நம்ம அணியின் மட்டமான ஆளைத் தேடிப் போவார். தடுப்பு வரிசை ஒரு சங்கிலி, அதன் பலம் பலவீனமான கண்ணியில். உலகத்திலேயே சிறந்த கார்னர்பேக்கை வச்சுக்கிட்டும் தோற்கலாம்.

இதையெல்லாம் ரசிகர்களால் ஏன் நேரே பார்த்துத் தெரிஞ்சுக்க முடியலைன்னு கேட்கலாம். டிவி கேமரா பந்தின் பின்னால் போகுதே! பந்து கையை விட்டுக் கிளம்பும்போது கார்னர்பேக் பெரும்பாலும் திரையிலேயே இருக்கமாட்டார். 22 பேரும் தெரியும் மேல்கோண வீடியோவை லீக் பொதுமக்களுக்குத் திறந்ததே 2012-இல்தான். அதற்குப் பிறகு தோள்பட்டை உறைக்குள் சிப் வைத்து, நொடிக்குப் பத்து முறை ஒவ்வொரு ஆட்டக்காரரும் எங்கே இருக்கார்னு பதிவு செய்ய ஆரம்பிச்சாங்க. ரிசீவருக்கும் காவலருக்கும் இடைவெளி எவ்வளவு என்பது இப்போ யார்டு கணக்கில் கிடைக்கும். அந்தத் தரவை வெளியே கொடுத்து லீக் நடத்தும் பிக் டேட்டா பவுல் போட்டியில், 2021-க்கான தலைப்பே எறிதலைத் தடுப்பதுதான். எத்தனையோ டேட்டா ஆசாமிகள் மண்டையை உடைச்சுக்கிட்டாங்க.

அத்தனை சிப் இருந்தும் சில விஷயம் தப்பிச்சுப் போகும். 2015 பிப்ரவரி 1, சூப்பர் பவுல். பேட்ரியாட்ஸ் 28, சியாட்டில் 24, சியாட்டில் கோட்டிலிருந்து ஒரே யார்டு தூரத்தில். ரஸ்ஸல் வில்சன் எறிகிறார், மால்கம் பட்லர் என்ற புதுப்பையன், டிராஃப்டில் யாரும் எடுக்காத பையன், பாய்ந்து பிடிக்கிறார். 20 நொடி மிச்சம், ஆட்டம் காலி. உலகமே பட்லரைக் கொண்டாடியது. அந்த வீடியோவை இன்னொரு முறை போட்டு பட்லருக்கு முன்னால் நிற்பவரைப் பாருங்க. சியாட்டிலின் ஜெர்மேன் கெர்ஸ் முன்னால் வந்து பட்லரின் வழியை மறிக்கணும், அதுதான் திட்டம். பிராண்டன் பிரவுனர் என்ற இன்னொரு கார்னர்பேக், கெர்ஸை நின்ற இடத்திலேயே இரண்டு கையால் பிடித்து நிறுத்திட்டார். அந்த வழி திறந்ததால்தான் பட்லர் ஓடினார். பிரவுனருக்கு ஏட்டில் எந்த எண்ணும் கிடையாது. பிரவுனர் அதற்கு முந்தைய சீசன்களில் ஆடியது எந்த அணிக்குத் தெரியுமா? சியாட்டில் :-)

இப்போதைய நிலவரம் கொஞ்சம் தேவலாம். 2021-இல் டாலஸின் டிரெவான் டிக்ஸ் 11 இன்டர்செப்ஷன் எடுத்தார். பழைய காலமாக இருந்தால் சிலையே வச்சிருப்பாங்க. புரோ ஃபுட்பால் ஃபோகஸ் கணக்குப்படி அதே சீசனில் அவர் விட்டுக்கொடுத்தது ஆயிரம் யார்டுக்கு மேல், அதனால் சிலை வைக்கும் முன் எல்லாரும் ஒருமுறை தலையைச் சொறிந்தார்கள். அடுத்த ஆண்டு அவர் எடுத்தது 3. இன்னொரு பக்கம் ஜெட்ஸின் சாஸ் கார்ட்னர், 2022 முதல் மூணு சீசனில் மொத்தமே 3 இன்டர்செப்ஷன். 2025 ஜூலையில் அவருக்கு 4 ஆண்டுக்கு 120 மில்லியன் டாலருக்குக் கொஞ்சம் மேலே ஒப்பந்தம். நைட் டிரெய்ன் லேன் இதைக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாரோ.

பிறகு, கென் ரைலி. ஒஹாயோ மாநிலம் கேன்டனில் இருக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு 2023-இல் இடம் கிடைத்தது, ஓய்வு பெற்று 40 வருஷம் கழித்து. அதே 2023 வகுப்பில் இன்னொரு கார்னர்பேக்கும் இருந்தார். டாரெல் ரீவிஸ், மொத்தம் 29 இன்டர்செப்ஷன், தகுதி பெற்ற முதல் வருஷமே தேர்வானவர். வராத பந்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள லீக் கற்றுக்கொண்ட பிறகு ரீவிஸுக்கு ஒரு நொடி தாமதமில்லை. வந்த பந்தை 65 முறை பிடித்த ரைலி 2020 ஜூனிலேயே இறந்துட்டார். வெண்கலச் சிலையைத் திறந்தது அவர் குடும்பத்தார்.